பம்பர் செய்தவர் வாங்கிய இரண்டு அணிகள்

மணிக்கு ஒரு டாலர் 20 சென்ட். ஷாகித் கானின் கதையைச் சொல்ல வருகிற எல்லாரும் இந்தக் கூலியில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1967-ல் லாகூரிலிருந்து இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கப் போனபோது அவருக்கு 16 வயது. முதல் ராத்திரி ஒய்.எம்.சி.ஏ. அறையில், வாடகை 2 டாலர். மறுநாளே பாத்திரம் கழுவும் வேலை கிடைத்துவிட்டது. அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, அமெரிக்கக் கால்பந்து அணி, லண்டன் கிளப், பல நூறு கோடி டாலர் என்று கதையை முடித்துவிடுவார்கள். வாட்ஸ்அப் தன்னம்பிக்கைக்கு இது போதும். நமக்குப் போதாது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் விட்டுப்போனதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அந்தக் கூலி. ஊரில் பெரும்பாலானவர்கள் சம்பாதிப்பதைவிட இது அதிகமாயிற்றே என்றுதான் அன்று தனக்குத் தோன்றியதாகக் கான் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதை ஏழ்மைக் கதையாக ஆக்கிவிடக் கூடாது. அம்மா கணிதப் பேராசிரியர். பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிப் படிக்கவைக்க முடிந்த வீடு. அவரிடம் இருந்தது வறுமையின் வெறி என்பதைவிட, இரண்டு ஊர்க் கணக்கையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கிற கண் என்பதே சரி. பிழைக்கப் போன இடத்தில் இந்தக் கண் பலருக்கு வாய்க்கும். அதை என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

படிக்கும்போதே ஃப்ளெக்ஸ்-என்-கேட் என்ற வாகன உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தார். 1971-ல் பட்டம் வாங்கியதும் அங்கேயே பொறியியல் பிரிவுக்குப் பொறுப்பாளர். 1978-ல் வெளியே வந்து ‘பம்பர் ஒர்க்ஸ்’ என்று சொந்தக் கடை போட்டார். கையில் சேமிப்பு 16,000 டாலர், சிறுதொழில் கடன் 50,000 டாலர். இரண்டே வருடத்தில், 1980-ல், பழைய முதலாளியிடமிருந்து ஃப்ளெக்ஸ்-என்-கேட்டையே வாங்கிவிட்டார்.

அப்படி என்ன பம்பர்? அந்தக் காலத்துப் பிக்கப் வண்டிகளின் பம்பரைப் பல துண்டுகளாக வெட்டி, பற்றவைத்துச் சேர்ப்பார்கள். கான் ஒரே தகட்டை அழுத்தி முழு பம்பரையும் எடுத்தார். பற்றவைத்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். அங்கேதான் எடையும் ஆள்கூலியும் ஏறும். பற்றவைப்பே இல்லையென்றால் இந்தத் தொல்லைகள் மொத்தமாகப் போகும். 1984-ல் டொயோட்டாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க ஆரம்பித்தார். 1987-ல் அவர்களுடைய பிக்கப்களுக்கு ஒரே பம்பர் சப்ளையர். 1989-ல் அமெரிக்காவில் டொயோட்டாவின் எல்லா வண்டிக்கும் அவரே.

டொயோட்டாவிடம் சரக்கு விற்றவர்கள் பலர். தொழிலைக் கற்றுக்கொண்டவர்கள் சிலர்தான். பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு (அம்பத்தூரிலும் ஓரகடத்திலும் நிறையப் பேர் இருப்பீர்கள்) டை என்கிற அச்சை மாற்றுவதன் பாடு தெரியும். மாற்ற மணிக்கணக்காகும் என்றால், மாட்டிய டையில் முடிந்தவரை அடித்துக் குவிக்கத்தான் கை போகும். குவித்தது கோடவுனில் கிடக்கும், பணமும் அதோடு முடங்கும். ஒரு பிழை இருந்தால் மொத்தமும் பழைய இரும்பு. டொயோட்டா ஆட்கள் கானின் ஆலைக்கு வந்து இந்தப் பழக்கத்தை உடைத்தார்கள். டையை நிமிடக் கணக்கில் மாற்றப் பழகிவிட்டால் இன்றைக்கு வேண்டியதை இன்றைக்கு அடித்தால் போதும். வோமக்கும் ஜோன்ஸும் 1996-ல் எழுதிய ‘லீன் திங்கிங்’ என்ற நிர்வாக நூலில் பம்பர் ஒர்க்ஸ் ஓர் உதாரணமாகவே வருகிறது. என்னைக் கேட்டால், கானின் அசல் சாதனை 1978 முதல் 1989 வரையிலான இந்தப் பதினோரு வருடம்தான். பிறகு வந்த புகழெல்லாம் இதன் வட்டி.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். 2010-ல் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் 60 சதவீதப் பங்கை வாங்கப் போனார். ஏற்கெனவே பங்கு வைத்திருந்த ஸ்டான் குரோங்கே, முன்வாங்கும் உரிமை தன்னுடையது என்று எழுந்து நின்றதும் அது கைநழுவியது. 2012 ஜனவரியில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் கைக்கு வந்தது. விலை ஏறத்தாழ 76 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். என்.எஃப்.எல்.லில் ஓர் அணியின் பெரும்பங்கை வைத்திருக்கும் முதல் சிறுபான்மை இனத்தவர் அவர். ரசிகர்கள் அவருடைய முறுக்கு மீசை மாதிரி ஒட்டுமீசை வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். மீசைக்கு இவ்வளவு மரியாதை நம் ஊரில்தான் என்று நினைத்திருந்தேன்.

அவர் வாங்கிய பிறகு முதல் சீசனில் அணி 16 ஆட்டத்தில் 2 ஜெயித்தது. 2020-ல் ஒன்றே ஒன்று. மொத்தமாகப் பார்த்தாலும் ஜெயித்ததைவிடத் தோற்றது மிக அதிகம். ஆனால் அணியின் மதிப்பு? ஃபோர்ப்ஸ் கணக்குப்படி இன்று 400 கோடி டாலருக்கு மேல். பம்பர் ஆலையில் இப்படி நடக்குமா? பத்துக்கு ஒன்பது கோணலாகப் போனால் கம்பெனி அடுத்த மாதமே பூட்டுப் போடும்.

விடை ஆட்டத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. என்.எஃப்.எல். மூடிய வீடு: 32 அணிகள், தோற்றாலும் யாரும் வெளியே போவதில்லை. தொலைக்காட்சிப் பணத்தை 1960-களிலிருந்தே சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அணி பொதுமக்களுக்குச் சொந்தம் என்பதால் வருடாவருடம் கணக்கை வெளியிடும். அதன்படி 2023 சீசனுக்கு அந்த அணிக்குக் கிடைத்த பொதுப் பங்கு மட்டும் 40 கோடி டாலர். அதே ஆண்டு ஆட்டக்காரர் சம்பளத்துக்கு லீக் வைத்திருந்த உச்சவரம்பு ஏறத்தாழ 22.5 கோடி. ஒரு டிக்கெட்கூட விற்காமலே சம்பளத்தைக் கட்டிவிடலாம். போதாக்குறைக்குக் கடைசியில் நிற்பவருக்கு அடுத்த ஆண்டின் சிறந்த இளம் வீரரை முதலில் எடுக்கும் உரிமை. ஒரே ஒரு வெற்றிக்குப் பிறகு ஜாகுவார்ஸ் டிரெவர் லாரன்ஸை எடுத்தது அப்படித்தான். ஐ.பி.எல். இந்த வார்ப்பில் செய்ததுதான். 2008-ல் இந்தியா சிமென்ட்ஸ் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை எடுத்தபோது பலர் சிரித்தார்கள். 2023 முதல் ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அதற்காகக் கான் கைகட்டி உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல மாட்டேன். ஜாக்சன்வில் சின்ன ஊர். கூட்டம் வராமல் ஏறத்தாழ 10,000 இருக்கைகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மைதானம். 2014-ல் அங்கே ராட்சதத் திரைகளை வைத்தார், ஆட்டம் பார்த்தபடி குளிக்க நீச்சல்குளமே கட்டினார். 2013-லிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் ஓர் உள்ளூர் ஆட்டத்தை லண்டன் வெம்பிளிக்குக் கொண்டுபோய், ஊரில் வராத வசூலை அங்கே எடுத்தார். இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. 2024-ல் ஒப்புதலான 140 கோடி டாலர் மைதானப் புதுப்பிப்பில் 77.5 கோடி நகரத்தின் பணம். மதிப்பு ஏறினால் முதலாளிக்கு, மராமத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு. அமெரிக்க விளையாட்டில் இது வாடிக்கை என்பது சமாதானம் ஆகாது.

இங்கிலாந்தில் இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. எகிப்திலிருந்து வந்து லண்டனில் வணிகராகப் பேரெடுத்த முகமது அல் ஃபயதிடமிருந்து 2013 ஜூலையில் கான் ஃபுல்ஹாம் கால்பந்துக் கிளப்பை வாங்கினார். அங்கே கடைசி மூன்று இடத்தில் முடித்தால் கீழ் டிவிஷனுக்குப் போக வேண்டியதுதான். மேல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் கடைசி அணிக்கே 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கும். கீழே போனவர்களுக்குச் சில ஆண்டு ஆறுதல் தொகை, பிறகு அதுவும் நிற்கும். 13 ஆண்டு மேலே நிலைத்திருந்த ஃபுல்ஹாம், கான் வந்த முதல் சீசனிலேயே மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டுக் கீழே போனது. மைதான வாசலில் தான் வைத்த மைக்கேல் ஜாக்சன் சிலையை எடுத்ததுதான் காரணம் என்றார் அல் ஃபயத்!

2018-ல் மேலே வந்ததும் வீரர்களுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டினார்கள். புதிதாக ஏறிவந்த எந்தக் கிளப்பும் அதற்கு முன் அவ்வளவு செலவழித்ததில்லை. அந்த சீசனிலும் மூன்று பயிற்சியாளர்கள், மறுபடி கீழே. வீரர் தேர்வைப் பார்த்துவந்த மகன் டோனி, 2020-ல் ஒரு தோல்விக்குப் பிறகு ட்விட்டரில் ரசிகர்களிடம் மன்னிப்பே கேட்டார். டையை நிதானமாகச் சீர்செய்து பழகிய குடும்பம், இங்கே சரக்கை மொத்தமாக வாங்கிக் குவித்தது. டொயோட்டாக்காரர் யாராவது பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

நடுவில் இன்னொரு முறை ஏறி இறங்கிய பிறகு, 2022-ல் மார்கோ சில்வாவின் பயிற்சியில் மூன்றாம் முறை மேலே வந்தார்கள். இந்த முறை வந்த வேகத்தில் இறங்கவில்லை, பிரீமியர் லீக்கில் நிலைத்தும்விட்டார்கள். கானை நல்ல அணி முதலாளி என்று சொல்ல ஆதாரம் தேடினால் நான் இந்த ஃபுல்ஹாம் ஆண்டுகளைத்தான் காட்டுவேன், நானூறு கோடியைக் காட்ட மாட்டேன். அந்த நானூறு கோடி அணியான ஜாகுவார்ஸ் 1995-லிருந்து விளையாடுகிறது. இதுவரை ஒரு சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தையும் எட்டியதில்லை.