பாம்பு பெட்டிக்குள் மரக்கிளையில் பூஞ்சணமா? மழைக்காலத்தில் தடுப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டி,

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து விட்டால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் வீட்டுக்குள் எதுவும் காயாது. துவைத்த துணி வாடை அடிக்கும். தோல் செருப்பு, பெல்ட்டில் வெள்ளை வெள்ளையாக பூஞ்சணம் பூக்கும். இதே கதைதான் பாம்பு வளர்ப்பவர்களின் கண்ணாடி பெட்டிக்குள்ளும் நடக்கிறது. பாம்பு ஏறி படுப்பதற்காக வைத்த மரக்கிளையில் பஞ்சு போல பூஞ்சணம் படர்ந்து விடுகிறது.

"கிளைதானே, துடைச்சு விட்டா போச்சு" என்று சும்மா இருந்து விட முடியாது. கிளையில் பூஞ்சணம் வந்தால் பெட்டிக்குள் ஈரமும் புழுக்கமும் அதிகம் என்று அர்த்தம். அந்த காற்றைத்தான் பாம்பு ராத்திரி பகலாக சுவாசிக்கிறது.

எந்த பாம்பை வளர்க்கலாம்?

நம் ஊர் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி குற்றம். ஜெயில் தண்டனை வரை போகும்.

ஆப்பிரிக்காவை சேர்ந்த பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் கட்டுப்பாடு வந்து விட்டது. சட்ட திருத்தம் 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் பதிவு விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. அதன்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2023-ம் ஆண்டு ஜனவரியில் பாங்காக்கில் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பைகளில் 45 பந்து மலைப்பாம்புகள் சிக்கின. எனவே கணக்கில் வராத பாம்பை வாங்கி மாட்டிக் கொள்ளக் கூடாது.

பூஞ்சணம் எப்படி வருகிறது?

பூஞ்சணத்தின் விதை போன்ற நுண்துகள்கள் எப்போதும் காற்றில் இருக்கும். அவற்றை யாராலும் தடுக்க முடியாது. ஈரம், தீனி, அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் அவை முளைத்து விடும். பச்சை கிளையில் ஈரமும் இருக்கிறது, பட்டைக்கு அடியில் தீனியாக சர்க்கரை சத்தும் இருக்கிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு கீழே இருந்தால் பூஞ்சணம் பிடிப்பது கஷ்டம். ஆக, கிளையை காய வைப்பதும் காற்றை ஓட விடுவதும்தான் மருந்து.

பாம்புக்கு என்ன ஆபத்து?

எல்லா பூஞ்சணமும் நோய் தருவதில்லை. ஆனால் பெரும்பாலான பாம்புகளுக்கு வேலை செய்வது ஒரே ஒரு நுரையீரல்தான். மலைப்பாம்புக்கு இரண்டு இருந்தாலும் இடது பக்கம் சிறியது. நமக்கு இருப்பது போல உதரவிதான தசை பாம்புக்கு கிடையாது. அதனால் சளி கட்டினால் இருமி வெளியே தள்ள முடியாது. வாயை திறந்தபடி மூச்சு விடுவது, கொர் கொர் என்று சத்தம், வாயோரம் நுரை, தலையை தூக்கியபடியே இருப்பது போன்ற அறிகுறி தெரிந்தால் உடனே கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எந்த கிளை நல்லது?

கொய்யா, புளி, மா போன்ற கெட்டியான கிளைகளை எடுக்கலாம். அரளி விஷம், கள்ளியின் பால் ஆகாது. பூச்சி மருந்து அடித்த தோப்பு கிளையும் வேண்டாம்.

சிப்காட் கம்பெனிகளில் கழித்து விடும் பேலட் கட்டைகளை சிலர் கொண்டு வருவது உண்டு. அதில் 'எம்.பி.' முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடக்கூடாது. 'எச்.டி.' என்றால் கட்டையின் உள்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. பூச்சியை கொல்லத்தான் இந்த சூடு. நனைந்தால் இதிலும் பூஞ்சணம் வரும். ஆயில், கெமிக்கல் கொட்டிய கட்டை என்றால் எந்த முத்திரை இருந்தாலும் வேண்டாம்.

தயார் செய்வது எப்படி?

பட்டையை முழுசாக உரித்து, பிரஷ் போட்டு தேய்க்க வேண்டும். பெரிய அண்டாவில் அரை மணி நேரம் கொதிக்க வைத்து, மொட்டை மாடியில் திருப்பி திருப்பி போட்டு காய வைக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி, தினமும் தராசில் நிறுத்து பார்ப்பது. எடை குறைவது நின்று விட்டால் காய்ந்து விட்டது.

சித்திரை வெயிலிலேயே 2 கிளைகளை காய வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம். மழைக்காலத்தில் மாற்றி மாற்றி வைக்கலாம். வார்னிஷ், பெயிண்ட், மண்எண்ணெய் பூசக்கூடாது. அந்துருண்டை போடவே கூடாது.

பெட்டியில் கவனிக்க வேண்டியது

* ஒரு பக்கம் கீழேயும், எதிர்பக்கம் மேலேயும் காற்று துளை வேண்டும்.

* கிளையை ஈர தேங்காய் நார்த்தூளில் புதைக்காமல், அடியில் ஓடு வைத்து நிறுத்த வேண்டும்.

* தண்ணீர் கிண்ணம் கிளைக்கு அடியில் இருக்கக் கூடாது.

* ஈரப்பத மீட்டர் வாங்கி மாட்ட வேண்டும். பந்து மலைப்பாம்புக்கு 55 முதல் 60 சதவீதம் போதும். மழை நாளில் தண்ணீர் தெளிக்க தேவை இல்லை.

2023-ம் ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி மின்விசிறி, சூடு கொடுக்கும் கருவி நின்று விட்டால் கிளையை வெளியே எடுத்து விடுவது நல்லது.

பூஞ்சணம் வந்து விட்டால்?

முதலில் பாம்பை வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். கிளையை வீட்டுக்கு வெளியே கொண்டு போய் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் தூள் பறந்து நம் நெஞ்சுக்குள் போகும். பிறகு மறுபடியும் கொதி தண்ணீர், வெயில். கட்டை மெத்து மெத்து என்று ஆகி விட்டாலோ, கருப்பு உள்ளே இறங்கி விட்டாலோ தூக்கி எறிந்து விட வேண்டும். பெட்டியை துடைக்க பிளீச் திரவம் பயன்படுத்தினால் 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து, பிறகு வாடை போகும் வரை கழுவி காய வைக்க வேண்டும். பிளீச்சுடன் வினிகர், ஆசிட் கலந்தால் விஷ வாயு வரும்.

இருளர்களின் மண்பானை

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தில், அரசு அனுமதியுடன் விஷம் எடுக்க பிடித்து வரும் பாம்புகளை மண்பானையில்தான் வைக்கிறார்கள். உள்ளே மணல், வாயில் துணிக்கட்டு, அவ்வளவுதான். பானையும் துணியும் காற்றை விடும், ஈரம் தங்காது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து கண்ணாடி பெட்டி வாங்குபவர்களும் இந்த ஒரு விஷயத்தை கவனித்தால் பூஞ்சணத்துக்கு வேலை இருக்காது என்பது குறிப்பிடத்தக்கது.