தோசைக்கல்லும் பெருங்காயமும்: கோதுமை ஆகாதவர் கள்ளக்குறிச்சியில் வெளியே சாப்பிட

என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை, உயரமும் கூடவில்லை. பூச்சி மருந்து மூன்று தடவை கொடுத்தாகிவிட்டது. கடைசியில் ஒரு டாக்டர் "டிடிஜி" என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார், பிறகு எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய். வாழ்நாள் முழுக்க கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியமும் கூடாது. வேறு மருந்து கிடையாது.

வீட்டுச் சமையலை ஒரு மாதத்தில் சரிசெய்துவிட்டோம். அரிசி தின்கிற ஊர்தானே, இதில் என்ன கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். கஷ்டம் வெளியே சாப்பிடும்போது வருகிறது. டியூஷன் முடிந்து பசியோடு நிற்கிற பிள்ளைக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் என்ன வாங்கித் தருவது? அதற்காகச் சேர்த்த குறிப்புகள்தான் இவை.

முதலில் நோய் பற்றி. கோதுமை மாவைப் பிசைந்தால் ஜவ்வாக இழுபடுகிறதே, அந்தப் புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர் உடம்பு அதைப் பார்த்ததும் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல் மாதிரியான அமைப்புகள் தேய்ந்துபோகின்றன. அதனால்தான் எவ்வளவு சாப்பிட்டாலும் ரத்தம் ஊறுவதில்லை. இது அலர்ஜி இல்லை. சாப்பிட்டவுடன் தடிப்போ மூச்சுத்திணறலோ வராது. சிலருக்கு வயிற்றுவலிகூட வராது. ஒன்றும் ஆகவில்லையே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். கோதுமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் டிக்கே என்ற டச்சு குழந்தைகள் மருத்துவர். 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோய் இருந்த குழந்தைகள் தேறினார்கள். அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அதில் உறுதிப்பட்டது.

நம் பக்கம் இது அபூர்வம் என்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. 2016இல் வெளியான, 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த இந்திய ஆய்வு ஒன்றில் வடக்கே 1.23 சதவீதம் பேரின் ரத்தத்திலும் தெற்கே 0.10 சதவீதம் பேரின் ரத்தத்திலும் இந்நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது. நோய்க்கு இடம்கொடுக்கிற மரபணு வகை இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வேறுபட்டது தட்டு: வடக்கே ஒருவர் நாளைக்குச் சுமார் 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். ஆனால் ஆயிரத்தில் ஒருவர் என்றாலும், 2011 கணக்குப்படி 13 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அந்த எதிர்ப்பொருள் உள்ளவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். ராத்திரி ஆனால் புரோட்டா என்று ஆகிவிட்ட ஊரில் அந்த 25 கிராம் இன்னும் 25 கிராமாகவே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

(இதைப் படித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போய்விடும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.)

எவ்வளவு பட்டால் ஆபத்து? நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் கெடுகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை என்பது பொதுவான கருத்து. மைதாவில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது அரை கிராம் மைதா. இரண்டு விரலால் எடுக்கிற ஒரு சிட்டிகை.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஹோட்டலுக்குள் போவோம்.

எல்லோரும் முதலில் சொல்வது பெருங்காயம். உண்மைதான். கடையில் நாம் வாங்குவது கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் அதில் கொஞ்சம்தான், மீதி மாவும் கருவேலம் பிசினும். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு, சிலதில் அரிசி மாவு. தூளில்தான் கலப்பு, கட்டிப் பெருங்காயம் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், பல கட்டிகளிலும் கோதுமை மாவு என்றே போட்டிருக்கும். (அசல் காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வருகிறது. இந்தியாவில் அதைப் பயிராக்க முதல் நாற்று இமாச்சலத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் நடப்பட்டது.)

ஐம்பது பேருக்கான சாம்பாரில் 5 கிராம் கூட்டுப் பெருங்காயம் போடுகிறார்கள், அதில் 3 கிராம் கோதுமை மாவு என்று வைத்துக்கொள்வோம். 300 மில்லிகிராம் குளூட்டன்; ஆளுக்கு 6. சாம்பார் மட்டும் என்றால் தாங்கலாம். ஆனால் முழுச் சாப்பாட்டில் ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் காயம் இருக்கிறது. தினம் தினம் அப்படிச் சாப்பிட்டால் எல்லை தாண்டிவிடும். எனவே மெஸ்ஸில் மாதக்கணக்குச் சாப்பாடு சாப்பிடுகிற சீலியாக் நோயாளிக்குப் பெருங்காயம் பெரிய விஷயம். வாரம் ஒருமுறை வெளியே சாப்பிடுபவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

அது கல். புரோட்டாவிலிருந்து உதிர்ந்த ஒரு கிராம் துணுக்கு நம் தோசையில் ஒட்டிக்கொண்டால் அதில் மாவு மட்டும் அரை கிராமுக்கு மேல். அதாவது 50 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன், ஒரே கடியில். எட்டுப் பேர் சாம்பாரில் உள்ளதைவிட அதிகம். மாஸ்டர் கல்லின் மேல் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுக்கிறாரே, அது சுத்தம் என்று நினைக்காதீர்கள். அந்தத் துடைப்பம்தான் ரவா தோசையையும் புரோட்டாத் துகளையும் காலையிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. தோசைக்கரண்டியும் அப்படியே. ஆம்லெட், கலக்கி, ஆஃப் பாயில் எல்லாம் அதே கல்தான். முட்டையில் ஏது கோதுமை என்று கேட்டுப் பயனில்லை.

இன்னொரு சங்கதி, சில கடைகளில் தோசை முறுகலாக வர மாவிலேயே கொஞ்சம் மைதாவோ ரவையோ கலக்கிறார்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள், அவர்களுக்கு அது ரகசியம் இல்லை.

எண்ணெய்ச் சட்டியும் கல்லின் தம்பி. உளுந்து வடையில் கோதுமை இல்லை. ஆனால் அதே எண்ணெயில்தான் பூரியும் மைதா போண்டாவும் வெந்திருக்கும். சில்லி சிக்கனில் மைதா உண்டு, சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு.

மெக்சிகோ உணவைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்களின் அடிப்படை உணவான டார்ட்டியா, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துச் சுடுவது. நமக்கு இட்லி எப்படியோ அப்படி, இயல்பிலேயே குளூட்டன் இல்லாதது. ஆனால் வெளிநாட்டு மெக்சிகன் ஹோட்டல்களில் சீலியாக் நோயாளிகள் பயப்படுவது எதற்கு? அதே கல்லில் சுடுகிற மைதா டார்ட்டியாவுக்கும், சிப்ஸ் பொரிக்கிற பொது எண்ணெய்க்கும், குழம்பைக் கெட்டியாக்கப் போடுகிற மாவுக்கும். ஊர் பெயரை மாற்றினால் நம் கதைதான். கள்ளக்குறிச்சியைச் சுற்றி அத்தனை ஏக்கர் மக்காச்சோளம் விளைகிறது. அதில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது, நம் தட்டுக்கு வருவதில்லை.

அடுத்து, கேட்கிற முறை. "குளூட்டன் இல்லாம வேணும்" என்றால் யாருக்கும் புரியாது. "கோதுமை ஆகாது" என்றாலும் போதாது. இந்தப் பக்கத்தில் மைதா என்பது மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருவது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சின்னசேலம், ஆத்தூர் என்று ஜவ்வரிசி ஆலைகளைப் பார்த்து வளர்ந்த ஊர். வெள்ளை மாவு என்றாலே கிழங்கு மாவு என்று தோன்றுவது இயற்கைதான். ஒரு கடையில் மாஸ்டர் என்னிடம், "கோதுமைய நாங்க தொடுறதே இல்ல சார், எல்லாம் மைதாதான்" என்று மனதாரச் சொன்னார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். எனவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நான் சொல்வது இப்படி: "அண்ணே, பாப்பாவுக்குக் குடல்ல வியாதி. கோதுமை, மைதா, ரவை, சேமியா, இதுல ஒரு துளி பட்டாலும் ஆகாது. இட்லியும் தாளிக்காத தேங்காய்ச் சட்னியும் குடுங்க. புரோட்டா எடுத்த கையால எடுக்க வேணாம்." வியாதி என்ற சொல் முக்கியம். பிடிக்காது, டயட் என்றால் யாரும் மெனக்கெட மாட்டார்கள். வியாதி என்றால் கை கழுவிவிட்டு வந்து எடுத்துக் கொடுக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கூட்டமில்லாத நேரத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறையில் எங்களுக்கு ஒத்துவருவது ஆவியில் வெந்தது. இட்லி, அரிசி இடியாப்பத்துடன் தேங்காய்ப்பால், வெறும் சோறும் தயிரும், அவித்த முட்டை. பிரியாணி மட்டுமே போடுகிற கடையில் பிரியாணி. மசாலாவில் என்ன என்று ஒருமுறை கேட்டுவிட்டு. மரவள்ளி சிப்ஸ் மட்டுமே வறுக்கிற கடையில் சூடாக சிப்ஸ். டீ, காபி பரவாயில்லை. ஹார்லிக்ஸ், பூஸ்ட் கூடாது, அவற்றில் கோதுமையும் பார்லி மால்ட்டும் உண்டு. "சத்து குறைவா இருக்கா, ஹார்லிக்ஸ் குடு" என்பதுதான் இந்தப் பிள்ளைக்கு இரண்டு வருடமாக நடந்த வைத்தியம்.

பாக்கெட்டில் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. ராகி பிஸ்கட், ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் மைதாவோ கோதுமை மாவோ முதலிடத்தில் இருப்பதை நிறையப் பார்க்கலாம்.

கல்யாணப் பந்தி ஹோட்டலைவிடக் கடினம். அங்கே மாஸ்டர் பிரச்சினை இல்லை, பெரியவர்கள்தான். "ஒரு வாய் கேசரி சாப்பிட்டா என்னம்மா ஆயிடும்?" என்று பாசத்தோடு இலையில் வைத்துவிடுவார்கள். அதைத் தடுக்க அக்கா ஒரு வழி வைத்திருக்கிறாள்: பந்தி தொடங்குமுன் சமையல்கட்டுக்குப் போய், கரண்டி மாறுவதற்கு முன்னால், சோறும் தேங்காய் போட்ட பொரியலும் தயிரும் டப்பாவில் வாங்கிக்கொள்கிறாள். பிள்ளை எல்லோரோடும் பந்தியில்தான் உட்காருகிறாள், இலையில் விழுவது அவள் டப்பாவிலிருந்து.

கல்வராயன் மலைக்குப் போனால் நிலைமை இன்னும் எளிது என்று நினைத்தேன். சாமை, தினை, கேழ்வரகு விளைகிற மலை; மூன்றிலும் குளூட்டன் கிடையாது. மலையாளி மக்களின் பழைய சாப்பாடு சாமைச்சோறும் கேழ்வரகுக் களியும். ஆனால் வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடைகளில் கிடைப்பது கீழே கிடைப்பதேதான்: புரோட்டா, பன், பிஸ்கட், போண்டா. சாமைச்சோறு வீடுகளில் இருக்கலாம், கடைப் பலகையில் இல்லை. அருவி பார்க்கப் போகிறவர்கள் கச்சிராயபாளையத்தைத் தாண்டுமுன் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுவிடுவது நல்லது. மேலே வாழைப்பழமும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

மலையிலிருந்து சாமை வாங்கி வருவது மட்டும் நிச்சயம் பயனுள்ளது. மாவாக வாங்காதீர்கள், அரிசியாக வாங்குங்கள். சாமை மணி மிகச் சிறியது. கோதுமை மணி தப்பித் தவறிக் கலந்திருந்தாலும் சல்லடையில் தங்கிவிடும், கண்ணுக்கும் தெரியும். மாவில் எதுவும் தெரியாது. ஊர் மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே கல்லில்தான் அடுத்து கேழ்வரகு விழுகிறது. முந்தைய ஆளின் மாவு உள்ளேயே தங்கியிருக்கும், முதலில் வருவது அதுதான். வேறு வழியில்லாமல் மில்லுக்குப் போனால், இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து அரிசி அரைத்து முடித்த பிறகு உங்கள் தூக்கை வையுங்கள், முதலில் விழுகிற இரண்டு படி மாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நாங்கள் இப்போது கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைக்கிறோம். கொஞ்சம் நறநறவென்று இருக்கிறது, களிக்குப் பரவாயில்லை.