கையில் இருப்பதைப் பாருங்கள்

மல்லாங்கிணறு டீக்கடைச் சுவரில் சிவகாசி காலண்டர். பழுப்பு அங்கி, இடுப்பில் முடிச்சுக் கயிறு, ஒரு கையில் லீலி மலர், மறு கையில் குழந்தை இயேசு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட "அந்தோணியார்" என்று சொல்லிவிடுவார்.

கையில் உள்ள பொருளால் புனிதரை அடையாளம் காட்டும் இந்த வழக்கம் ஐரோப்பாவில் இடைக்காலத்தில், மரப்பலகையில் புனிதர்களை வரைந்தவர்களிடம் வேரூன்றியது. பேதுருவின் முகச்சாயல் யாருக்குத் தெரியும்? அதனால் கையில் சாவி கொடுத்தார்கள். வேதசாட்சிகளுக்கு, அவர்களை வதைத்த கருவியே அடையாளம்: செபஸ்தியாருக்கு அம்பு, தீயில் வாட்டப்பட்ட லாரன்ஸுக்கு இரும்புக் கம்பித் தட்டு. வேலைப் பார்த்து முருகன், அரிவாளைப் பார்த்துக் கருப்பசாமி என்று சொல்லும் நமக்கு இது எளிதில் பிடிபடும்.

அந்தோணியாரிலேயே இருவர் உண்டு. வனத்து அந்தோணியார் எகிப்துப் பாலைவனத் துறவி; வெண்தாடி, ஊன்றுகோல், மணி, காலடியில் பன்றி. பதுவை அந்தோணியார் 1231-ல் மறைந்தவர், தாடியில்லாத இளைஞர். பழைய பலகைகளில் இவர் கையில் பெரும்பாலும் புத்தகம்தான், சிலவற்றில் தீச்சுடர். குழந்தை வந்து சேர்ந்தது இடைக்காலம் முடிந்த பிறகு. நம் காலண்டர்களில் அச்சாவது அந்தப் பிந்தைய உருவம்.

பலகை செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இத்தாலியில் பாப்லர் மரம். அதன்மேல் துணி ஒட்டி, ஜிப்சமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சைத் திரும்பத் திரும்பத் தடவி, வழவழவென்று தேய்ப்பார்கள். செம்மண் குழம்பு பூசி, தங்க ரேக்கு ஒட்டி, நாய்ப்பல்லால்கூட மெருகேற்றுவார்கள். வண்ணங்கள் முட்டை மஞ்சள் கருவில் குழைத்தவை. பின்னால் மரமும் வானமும் வரைந்தால் அது ஏதோ ஓர் ஊராகிவிடும். பொன்னாக இருந்தால் விண்ணகம். மெழுகுதிரி அசைய அசைய அந்தப் பொன்னும் அசையும். எனக்கு இதைவிட அழகான யோசனை தெரியாது.

1235-ல் பொனவெந்தூரா பெர்லிங்கியேரி வரைந்த பலகை இத்தாலியின் பெஷா ஊரில் இருக்கிறது. நடுவே பிரான்சிஸ் அசிசியார், கைகால்களில் சிலுவையில் இயேசு பெற்றவை போன்ற காயத் தழும்புகள். அவர் இறந்து அப்போது ஒன்பதே ஆண்டுகள். இரு பக்கமும் ஆறு சிறு காட்சிகள். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்வது ஒன்று, காயங்கள் பெறுவது ஒன்று. மீதி நான்கும் நோய் தீர்ந்த, பேய் நீங்கிய கதைகள். கழுத்துக் கோணிய ஒரு சிறுமியும் அதில் இருக்கிறாள். புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கு நோயாளியை அழைத்துப்போய்த் தங்கும் குடும்பம், அந்த நான்கு காட்சிகளைத்தான் முதலில் பார்க்கும்.