தலையைத் தாங்கும் விநாடிகள்

கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். முழங்கால்கள் மடிந்து, பாதங்கள் ஊன்றியிருக்கின்றன. மோவாயை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, தலையை இரண்டரை சென்டிமீட்டர் மட்டும் தூக்கி நிறுத்துகிறார். இயன்முறை மருத்துவர் தலைக்கு அடியில் ஒரு கையை வைத்தபடி ஸ்டாப்வாட்சை ஓட விடுகிறார்.

கழுத்துத் தசைகளின் தாங்குதிறனை அளக்கும் சோதனை இது. கேட்பதற்கு எளிது, ஆனால் அரை நிமிடம் ஆவதற்குள் பலருக்குத் தலை நடுங்கத் தொடங்கிவிடும்.

எப்போது நிறுத்துவது? அதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. மோவாயை இழுக்கும்போது கழுத்தில் தோல் மடிப்புகள் விழும். அவற்றின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போடுவார்கள். தசை களைத்தால் மோவாய் மேலே எழும்பும், மடிப்பு விரியும், கோடு துண்டுபடும். அல்லது தலை சரிந்து மருத்துவரின் கையில் படிந்துவிடும். அத்துடன் கடிகாரம் நிற்கும்.

நான்கைந்து கிலோ எடையுள்ள தலையை நாள் முழுதும் நிமிர்த்தி வைப்பதில், கழுத்தெலும்புகளின் முன்புறம் ஒட்டிக் கிடக்கும் ஆழ்தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கண்ணாடியில் கழுத்தைத் திருப்பினால் கயிறுபோல் புடைத்துத் தெரிவது வேறு தசை. அது மேலே இருப்பது. ஆழ்தசைகளோ வெளியே தெரிவதே இல்லை.

2005-இல் 'பிசிக்கல் தெரபி' இதழில் வெளியான ஆய்வொன்றில் 41 பேருக்கு இந்தச் சோதனை நடந்தது. கழுத்துவலி இல்லாதவர்கள் சராசரியாக 39 விநாடி தாக்குப்பிடித்தனர். வலி உள்ளவர்கள் 24 விநாடி. ஆயினும் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி. ஆகவே ஒருவரின் விநாடிக் கணக்கை மட்டும் பார்த்து நோயை முடிவுசெய்ய முடியாது. வலியால் தசை தளர்ந்ததா, தளர்ந்ததால் வலி வந்ததா என்பதையும் இந்த எண்கள் சொல்லாது.

ஆழ்தசை உண்மையிலேயே சோர்ந்திருக்கிறதா என்று நேரில் பார்க்க ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் துணிந்து ஒரு வழி கண்டார்கள். மூக்கு வழியாக மெல்லிய மின்முனையைச் செலுத்தி, தொண்டையின் பின்சுவரில் உறிஞ்சிப் பிடிக்கச் செய்து, அதற்குப் பின்னாலிருக்கும் ஆழ்தசையின் மின்னசைவைப் பதிந்தார்கள். 2004-இல் வெளியான முடிவின்படி, வலி உள்ளவர்களிடம் அந்த மின்னசைவு குறைவாக இருந்தது.

அந்த ஆய்வில் தலையைத் தூக்கச் சொல்லவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் க்வென்டலின் ஜல் வளர்த்தெடுத்த வேறொரு சோதனையைக் கையாண்டார்கள். கழுத்துக்கு அடியில் காற்றுப்பை வைத்து, அழுத்தத்தை 20 மில்லிமீட்டர் பாதரசத்தில் நிறுத்துவார்கள். 'ஆமாம்' என்று தலையாட்டுவதைப் போல மெல்ல அசைத்து, இரண்டிரண்டாக 30 வரை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் பத்து விநாடி நிற்க வேண்டும். முரட்டு பலம் இங்கே உதவாது. அமுக்கினால் மேல்தசை முந்திக்கொள்ளும்.

அளக்கும் அசைவே சிகிச்சையும் ஆனது. கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலியால் அவதிப்பட்ட 200 பேரை வைத்து ஜல் குழு நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. இந்த மென்மையான பயிற்சியை ஆறு வாரம் செய்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நீடித்திருந்தது.