நாள் தெரியாதவருக்கு எந்தத் திதி?

மாசி மகத்தன்று மாத்தளை நகரில் கால் வைக்க இடமிருக்காது. ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும். லயங்களிலிருந்து பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள். மகம் பெரும்பாலும் பூரணையை ஒட்டியே வருவதால், சிங்களப் பெண்களும் பூத்தட்டுடன் நிற்பதைக் காணலாம். 1983 ஜூலைக் கலவரத்தில் தீ வைக்கப்பட்டு, பின்னர் புதுப்பிக்கப்பட்ட கோயில் இது.

அந்தக் கலவரத்தின் பின் சிறு வயதில் பெற்றோருடன் வன்னிக்குப் போன அக்கா ஒருவரோடு ஒருமுறை தேர் பார்த்துக்கொண்டு நின்றேன். கணவர் 2009இல் காணாமற்போனார். அக்கா மகனுடன் மாத்தளைக்கே திரும்பி வந்துவிட்டார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அந்த மகன், ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குச் செய்ய வேண்டும் என்று கேட்கிறானாம்.

"எள்ளுந் தண்ணியும் எறைச்சா அவரு செத்துட்டாருனு நாங்களே சொன்ன மாதிரி, மிஸ். எறைக்காம இருந்து, அவரு உண்மையிலேயே இல்லாட்டி, பசியோட அலைவாரு இல்லையா?"

சமூகவியல் படித்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

திவசத்துக்கு ஆங்கிலத் தேதி உதவாது. மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எத்தனையாம் திதி என்று ஐயர் கேட்பார். திதி தெரியாதவர்களுக்குப் புரட்டாசி மாத மகாளய அமாவாசை இருக்கிறது. ஆனால் அதுவும் இறந்தவர்களுக்குரிய நாள்தான்.

வியட்நாம் பெண்களும் இந்தச் சிக்கலைக் கண்டவர்கள். அங்கேயும் நினைவு நாளைச் சந்திரக் கணக்கில்தான் வைக்கிறார்கள். டெட் என்னும் புதுவருடத்துக்கு முன் கல்லறைகளைத் துப்புரவாக்கி, முன்னோரை வீட்டுக்கு அழைப்பார்கள். ஏழாம் மாதப் பௌர்ணமியில், கேட்பாரற்று அலையும் ஆவிகளுக்குக் கஞ்சி படைப்பார்கள். 1975இல் முடிந்த போரில் உடல் கிடைக்காதவர்கள் இலட்சக்கணக்கில். இறந்த நாள் தெரியாத குடும்பங்கள் பல, அவர் வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளையே நினைவு நாளாக எடுத்துக்கொண்டன. (செட்டிமார் சைகோனில் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாம் பெண்களே அதிகமாக ஊதுபத்தி கொளுத்துகிறார்கள் என்பதையும் அக்காவிடம் சொன்னேன். "அங்கயும் நம்ம அம்மாவா?" என்று சிரித்தார்.)

பிறகு மெதுவாகக் கேட்டேன், கடைசியாக அவரைக் கண்டது எப்போது என்று. தேதி தெரியாது என்றார். பங்கருக்குள் இருந்தவர்களுக்குக் கலண்டர் ஏது! ஆனால் நிலா நினைவிருந்தது. சித்திரை மாதம், பறுவத்துக்கு இரண்டு நாள் இருந்ததாம். அந்த வெளிச்சத்தில் வெளியே போகப் பயந்ததாகச் சொன்னார். விரோதி வருடத்துப் பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிப் பார்த்தோம். வளர்பிறைத் திரயோதசி.

இப்போது ஒவ்வொரு சித்திரையிலும் அந்தத் திதியில் விளக்கேற்றி, அவருக்குப் பிடித்த மரக்கறிகளைச் சமைத்து, லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். திவசம் இல்லை, எள் இல்லை. பொட்டையும் அழிக்கவில்லை. அமாவாசைக்குப் போவதை மகனின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார். அவன் இன்னும் போகவில்லை. சொந்தக்காரர் சிலர் முகம் சுளித்தது உண்மைதான். என் அபிப்பிராயம், அதை அந்த அக்காவைத் தவிர வேறு யாரும் தீர்மானிக்க முடியாது.

அலுவலகக் காரியங்களுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பத்தவர் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

எமது குழுவில் இன்னும் இரண்டு பேர் பழைய பஞ்சாங்கம் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு 2006, மற்றவருக்கு 2008. தேடிக்கொண்டிருக்கிறேன்.