ஓட்டுக் கணக்கு – 6: பூட்டிய அறைக்குள் ஒரு சர்வே

1959 டிசம்பரில் ஜான் கென்னடிக்காகக் கருத்துக் கணிப்பாளர் லூ ஹாரிஸ் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நாடி பிடித்துப் பார்த்தார். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஹூபர்ட் ஹம்ப்ரியோடு மோதினால் கென்னடிக்கு 70, ஹம்ப்ரிக்கு 30 என்றது கணக்கு. அதை நம்பிக் கென்னடி களத்தில் இறங்கினார். சில மாதங்கள் கழித்து எடுத்த சர்வேயில் நிலைமை தலைகீழ்: ஹம்ப்ரிக்கு 60, கென்னடிக்கு 40!

கென்னடி கத்தோலிக்கர் என்பது இடைப்பட்ட காலத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அங்கே கத்தோலிக்கர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான்.

மதப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றது ஆலோசகர்களில் ஒரு தரப்பு. கென்னடி கேட்கவில்லை. தான் கடற்படையில் சேர்ந்தபோது யாரும் மதம் கேட்கவில்லையே என்று மேடைகளில் வெளிப்படையாகவே பேசினார். வாக்குப்பதிவுக்கு முன்பு தொலைக்காட்சியிலும் அதையே விளக்கினார். 1960 மே 10 அன்று சுமார் 61 சதவீத வாக்குகளோடு வென்றார். ஹம்ப்ரி போட்டியிலிருந்தே விலகினார். கென்னடி குடும்பத்தின் பணமும் இதில் வேலை செய்தது, உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் மருந்து போட வேண்டும் என்று காட்டியது ஹாரிஸின் சர்வே.

கட்சிகள் சொந்தக் காசில் சர்வே எடுப்பது இதற்காகத்தான். யார் ஜெயிப்பார் என்பது பத்திரிகைகளின் கேள்வி. எந்த ஊரில் யார் ஊசலாடுகிறார்கள், எதைச் சொன்னால் வருவார்கள், எதைச் சொன்னால் ஓடுவார்கள் என்பது கட்சிகளின் கேள்வி. விளம்பரப் பணமும் தலைவரின் சுற்றுப்பயணமும் அந்தப் பதிலைப் பார்த்தே முடிவாகின்றன.

பதில் தப்பானால்? 2012 அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னிக்கு அதுதான் நடந்தது. கடைசி வார இறுதியில் அவருடைய கணிப்பாளர் நீல் நியூஹவுஸின் சர்வே, நியூ ஹாம்ப்ஷயரில் 3.5 புள்ளியும் கொலராடோவில் 2.5 புள்ளியும் ராம்னி முன்னிலை என்றது. இரண்டிலும் ஒபாமா ஐந்து புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பிசகியது எங்கே? 2008-இல் ஒபாமாவுக்காகத் திரண்ட கறுப்பின மக்களும் இளைஞர்களும் இந்த முறை அவ்வளவாக வரமாட்டார்கள் என்று ராம்னி தரப்பு நினைத்தது; ஆனால் அவர்கள் வந்தார்கள். கட்சி சாராதவர்களிடம் ராம்னி முன்னணியில் இருந்ததைப் பார்த்தும் அந்தத் தரப்பு மனம் குளிர்ந்துபோனது. ஆனால் அந்தக் கட்சி சாராதவர்களில் பலர், கட்சிப் பெயரை மட்டும் சொல்லாத குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள்தான்.

ஒபாமா தரப்பு ஒஹாயோவில் மட்டும் சுமார் 29,000 பேரின் கருத்தைத் திரட்டி வைத்திருந்தது. ஒவ்வோர் இரவும் கணினியில் 66,000 முறை தேர்தலை நடத்திப் பார்த்து, மறுநாள் பணம் எந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தது. வாக்குப்பதிவு நாளில் ராம்னியோ, 1,118 சொற்களில் வெற்றி உரை எழுதி முடித்துவிட்டதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். முடிவு, தேர்வாளர் குழு வாக்குகளில் ஒபாமா 332, ராம்னி 206.

ரகசியமாக எடுத்த சர்வேயைக் கட்சியே சில நேரம் வெளியே கசியவிடும். தொண்டரைத் தெம்பாக்கவும், நன்கொடையாளரின் பையைத் திறக்கவும் அது உதவும். பாதகமான சர்வே அப்படிக் கசிவது அபூர்வம். ஆகவே, ‘எங்கள் சர்வேயில் நாங்களே முன்னணி’ என்று ஒரு கட்சி தானாக வந்து சொன்னால், எத்தனை பேரைக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், யாரெல்லாம் ஓட்டுப் போட வருவார்கள் என்று கணக்கிட்டார்கள் என்பதைக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், அதையும் ஒரு பிரசார நோட்டீஸாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)