சளிக் காய்ச்சல்ல கல்லீரல் ஏன் அடிபடுது?

ஃப்ளூவோ கொரோனாவோ வந்து அட்மிட் ஆனவங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடின்னு ரெண்டு வரி இருக்கும். 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 90, 120-ன்னு ஏறி நிக்கும். "மஞ்சள் காமாலையா டாக்டர்?"னு பதறிடுவாங்க. பெரும்பாலும் அது இல்லைங்க.

இந்த ரெண்டும் கல்லீரல் செல்லுக்குள்ள இருக்கிற என்சைம். செல் அடிபட்டா ரத்தத்துல கசியும். எஸ்ஜிஓடி தசையிலயும் இருக்கு. அதனால உடம்பு வலிக்கிற காய்ச்சல்ல அது மட்டும் ஏறினா, கல்லீரல் மேலயே பழி போட முடியாது.

வைரஸ் நெஞ்சுலதானே இருக்கு, வயித்துக்கு எப்படி வந்துச்சு? பல நேரம் வர்றதே இல்ல. 2006-ல வந்த ஒரு ஆய்வுல, எலிகளோட நுரையீரல்ல ஃப்ளூ இருந்துச்சு, கல்லீரல்ல வைரஸே இல்ல. ஆனாலும் கல்லீரல் வீங்கி இருந்துச்சு. வைரஸை அழிக்கக் கிளம்பின டி செல்கள் ரத்தத்தோட சுத்தி வந்து கல்லீரல்ல தங்குது. அங்கயே இருக்கிற எதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்களோட சேர்ந்ததும், பக்கத்துல இருக்கிற நல்ல செல்லும் சேர்ந்து சாகுது. நம்ம எதிர்ப்புச் சக்தி அடிக்கிற அடிதான் இது.

கொரோனா முத்தினவங்களுக்கு ஆக்சிஜன் குறையறதும் சேர்ந்துக்கும்.

இப்போ நம்ம கையில இருக்கிற விஷயத்துக்கு வருவோம். தயவுசெஞ்சு மாத்திரை அட்டையோட பின்பக்கத்தைப் படிங்க. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால், நாளைக்கு நாலு. கூடவே மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை, அதுவும் நாலு. அந்தச் சளி மாத்திரையிலயும் பெரும்பாலும் பாராசிட்டமால் 500 இருக்கும். கூட்டிப் பாருங்க, 4,600. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 4,000தான். அந்த மருந்து உடையறப்போ வர்ற நச்சை முறிக்கிறது குளூட்டாதயோன். காய்ச்சல்ல சாப்பிடாம கிடந்தா அதுவும் குறைஞ்சிடும். குடிப்பழக்கம் இருக்கிறவங்களுக்கு 4,000-மே ரொம்ப அதிகம். டாக்டரைக் கேட்காம போடாதீங்க.

கண்ணு மஞ்சளாகி, சிறுநீர் கட்டன் டீ நிறத்துல போனா, இல்ல பேச்சு குழறினா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மத்தபடி காய்ச்சல் விட்டு சில வாரம் கழிச்சு அதே டெஸ்ட்டை மறுபடி எடுங்க. பெரும்பாலும் இறங்கியிருக்கும். இறங்கலைன்னா காய்ச்சலைக் காரணம் சொல்லி விட்டுடாதீங்க. கொழுப்புக் கல்லீரலோ, ஹெபடைடிஸ் பி, சி-யோ இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.